பழைய போட்டோவில் நிற்கும் காரை அடையாளம் காண்பது எப்படி

வண்ணார்பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். அடிபட்ட வண்டியின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதுதான் பிழைப்பு. பழைய கார் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் பழுப்பேறிய போட்டோவோடு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். போன ஆனியில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். அவர் கொண்டுவந்த படத்தில் சாரல் காலத்துக் குற்றாலம். ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நீளமான திறந்த கார், பக்கத்தில் வேட்டியோடு அவருடைய தாத்தா.

"தம்பி, எங்க பாட்டையா வச்சிருந்த ரோல்ஸ் ராய்ஸ்லா இது. ஃபேண்டம். எந்த வருஷம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஃபேண்டம் என்றால் அந்தக் கம்பெனியின் பெரிய வண்டி.

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். உங்கள் வீட்டு போட்டோவுக்கும் உதவும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். லேலண்டில் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டுகிறோம் அல்லவா, அந்தக் காலத்துப் பெரிய கார்களும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர் வரைக்கும் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி இன்ஜினும் ரேடியேட்டரும் ஏற்றிய சேஸிஸைத்தான் விற்றது. ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்ட், த்ரப் அண்ட் மேபர்லி மாதிரி பட்டறைகள் வாங்குகிறவர் இஷ்டத்துக்குப் பாடி கட்டின. 1840-இல் தொடங்கிய சென்னை சிம்ப்சன் கம்பெனியும் குதிரை வண்டியில் ஆரம்பித்து மோட்டாருக்குப் பாடி கட்ட வந்ததுதான். ஆகவே கேள்வி இரண்டு: சேஸிஸ் யாருடையது, பாடி யாருடையது. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான்.

போட்டோவைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். கண்ணாடிக்கு மேலாகப் படம் எடுத்தால் உங்கள் முகம்தான் விழும். ஸ்கேன் செய்தால் 1200 டிபிஐ. அதற்கு வழியில்லையா, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸ் போதும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்து, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்திருந்தால் ஸ்டியரிங் இடது பக்கம் போய்விடும். ஒருமுறை அப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து இறக்கிய வண்டி என்று அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் படத்தில் இருந்த அம்மாவின் முந்தானை வலது தோளில்! சேலை முந்தானை, சட்டைப் பொத்தான், நம்பர் பிளேட் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்டியரிங்குக்கு வரவேண்டும்.

நிறத்தை நம்பவே வேண்டாம். 1930-க்கு முந்தைய நெகட்டிவ்களில் பெரும்பாலானவை சிவப்பைப் பார்க்காதவை. சிவப்பு வண்டி கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும்.

இனி ரேடியேட்டர். இங்கே பொறுமையாக உட்காருங்கள். காரின் முகஜாடை இதில்தான் இருக்கிறது. கிரேக்கக் கோயில் முகப்பு மாதிரி மேலே முக்கோணம், கீழே நேர்கோடுகள் என்றால் ரோல்ஸ் ராய்ஸ். ரேடியேட்டரின் உச்சியில் அலையலையாய் வரிப்பள்ளம் ஓடினால் டெய்ம்லர். அதே மாதிரிப் பள்ளம் பானெட்டில் ஓடினால் வாக்ஸ்ஹால். இது இரண்டையும் மாற்றிச் சொல்லாதவர்கள் குறைவு, நானும் சொல்லியிருக்கிறேன். தோள்கள் நுகத்தடி போல வளைந்து, சக்கர மூடியில் அறுகோணம் தெரிந்தால் அமெரிக்க பேக்கார்ட். பறக்கும் நாரை உச்சியில் இருந்தால் ஹிஸ்பானோ சூய்சா. ஆனால் உச்சிப் பொம்மை கழற்றி மாட்டக்கூடிய சாமான். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ரோல்ஸ் ராய்ஸிலேயே ரேடியேட்டரின் முன்னால் இருக்கும் பட்டைகளைக் கவனியுங்கள். பழைய சில்வர் கோஸ்டில் பட்டையே கிடையாது, தேன்கூடு போன்ற வலை வெளியே தெரியும். 1922-இல் வந்த சின்ன வண்டியான ட்வென்டியில் பட்டைகள் கிடைமட்டம். 1925-இல் வந்த முதல் ஃபேண்டத்தில் நெட்டுக்குத்து. 1929-இல் வந்த 20/25 என்ற சின்ன வண்டியில் கிடைமட்டமாகத் தொடங்கி 1932 வாக்கில் நெட்டுக்குத்தாக மாற்றினார்கள். அண்ணாச்சி படத்தில் நெட்டுக்குத்துப் பட்டை. அப்படியானால் ஃபேண்டமாகவும் இருக்கலாம், பிந்தைய 20/25-ஆகவும் இருக்கலாம்.

காலம் தெரிய வேண்டுமானால் முன்பக்கச் சக்கரத்தைப் பாருங்கள். ஆரக்கம்பிகளுக்குப் பின்னால் பிரேக் டிரம் தெரிகிறதா? ரோல்ஸ் ராய்ஸில் 1924–25 வாக்கில்தான் முன் சக்கரத்துக்குப் பிரேக் வந்தது. டிரம் இல்லையென்றால் அதற்கு முந்தைய சேஸிஸ் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இருந்தால் அவ்வளவு உறுதி இல்லை, பின்னால் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. வண்டியின் பின்பக்கம் பெரிய உருளை தொங்கினால் அது பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியிலிருந்து கேஸ் எடுக்கும் அடுப்பு. இரண்டாம் போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது மாட்டியது. வண்டி பழையதாக இருக்கலாம், படம் 1940-களுடையது.

ஃபேண்டமா, சின்ன வண்டியா என்பதற்கு நீளம்தான் சாட்சி. முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை பிந்தைய 20/25-இல் 132 அங்குலம், சரியாக 11 அடி. இரண்டாம் ஃபேண்டத்தில் 12 அல்லது 12½ அடி. பக்கத்தில் நிற்கும் ஆளை வைத்து அளக்கச் சொல்வார்கள். அது சரிவராது. ஆள் ஐந்தேகாலடியா ஐந்தேமுக்காலடியா என்பது யாருக்குத் தெரியும்? அசையாத ஒன்றைப் பிடியுங்கள். அந்தப் பாலத்துச் சுவர் இன்னும் இருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன். சுவரின் ஒரு கல்லை அளந்தேன், போட்டோவில் அதே கல்லை நூல் வைத்து அளந்தேன், அப்புறம் இரண்டு அச்சுக்கும் நடுவே அளந்தேன். கணக்கு 11 அடிக்குச் சற்று மேலே வந்தது. சுவர் வண்டிக்குப் பின்னால் இருப்பதால் கொஞ்சம் கூடத்தான் காட்டும். ஆகவே 12-க்கு வாய்ப்பில்லை. வண்டி நேர்ப் பக்கவாட்டில் நின்றால்தான் இந்தக் கணக்கு செல்லும், சாய்ந்து நின்றால் விட்டுவிடுங்கள். இதே 11 அடியில் 1936-இல் 25/30 என்ற வண்டியும் வந்து 1938 வரை ஓடியது. ஆக 1932-க்கும் 1938-க்கும் நடுவே.

பாடி யார் கட்டியது என்பது கஷ்டமான பாதி. கட்டியவர் தகடு கதவடிப் படியில் இருக்கும், கதவு திறந்திருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் கதவுக் கீல் எந்தப் பக்கம், மட்கார்டின் வளைவு எங்கே முடிகிறது, இடுப்புக் கோடு பானெட்டோடு ஒன்றாக ஓடுகிறதா என்று பார்த்து, பெயர் தெரிந்த வண்டிகளின் படங்களோடு ஒப்பிடுங்கள். பானெட் கோடும் பாடிக் கோடும் ஒட்டாமல் நின்றால், பிற்பாடு பாடி மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற ஊரில், ஹன்ட் ஹவுஸில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தில் சேஸிஸ் அட்டைகள் இருக்கின்றன. யார் வாங்கினார், பாடி யார் கட்டினார் என்று அவற்றில் பார்க்கலாம். அதற்கு சேஸிஸ் நம்பர் வேண்டும், போட்டோ அதைத் தராது.

மனிதர்களைக் கடைசியாகப் பாருங்கள். மூன்றாவது நாள்தான் நான் லென்ஸைத் தாத்தா பக்கம் திருப்பினேன். துண்டு தோளில் இல்லை, இடுப்பில் கட்டியிருந்தார். பின் சீட்டில் ஒருவர் கலங்கலாக, முகம் திருப்பி உட்கார்ந்திருந்தார். நம்பர் பிளேட்டை மட்கார்டு மறைத்திருந்தது.

அண்ணாச்சி வந்தார். "ஃபேண்டம் இல்லையா, சின்ன வண்டியா?" என்று முகம் வாடிவிட்டது. "சின்ன வண்டின்னாலும் ரோல்ஸ் ராய்ஸ்தான் அண்ணாச்சி" என்றேன். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும் என்பதால் எப்போதும் பென்சில்தான். படத்தின் பின்னால் மெதுவாக எழுதிக் கொடுத்தேன்: ரோல்ஸ் ராய்ஸ் 20/25 அல்லது 25/30. 1932–38. திறந்த டூரர், பாடி கட்டியவர் தெரியவில்லை. இடம் குற்றாலம். உரிமையாளர் என்று எழுதி, அதற்கு நேரே கோடு மட்டும் போட்டுவைத்தேன்.