தலைக்காயமும் நுரையீரல் தொற்றும் ஒன்றாக வந்தால்: டியூப் போடுகிறவர் தவிர்க்க வேண்டியவை

போன வாரம் காரைக்குடியில் ஓர் இளம் மருத்துவர் நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 2021-ல் நான் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். கவச உடை, கை கழுவுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்கவே கூடாது என்று நினைப்பது

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டில் ஓடு மாற்ற ஏறியவர், வழுக்கி முற்றத்துக் கல்லில் விழுந்திருந்தார். கொரோனா இரண்டாம் அலை நேரம். நினைவு மங்கியிருந்தது, ஒரு கண்ணின் பாப்பா விரிய ஆரம்பித்திருந்தது, நெஞ்சில் நிமோனியா வேறு. கிருமி பறக்கும் என்ற பயத்தில் ஒரு நிமிடம்கூட ஒழுங்காக ஆக்சிஜன் பிடிக்காமல், மயக்கி மூச்சை நிறுத்தும் மருந்தை ஏற்றிவிட்டேன். கண்ணாடியில் ஆவி படிந்து மானிட்டர் தெரியவில்லை, ஆனால் 'பீப்' சத்தத்தின் சுருதி இறங்கிக்கொண்டே போனது காதில் விழுந்தது. "சார், ஆக்சிஜன் எண்பத்திரண்டு" என்றார் சிஸ்டர். அப்போதும் மாஸ்க்கோடு சேர்ந்த காற்றுப் பையை அழுத்த எனக்கு மனம் வரவில்லை, கூடாது என்று படித்திருந்தேனே! டியூப் போட்டு முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அவர் பிழைத்தார், பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. அது விழுந்த அடியாலா, என் இரண்டு நிமிடத்தாலா என்று இன்றுவரை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்றைய வழிகாட்டிகள் சொன்னது, தேவையில்லாவிட்டால் மாஸ்க் காற்றைத் தவிருங்கள் என்பதுதான். நாம்தான் அதைத் தடை என்று மனப்பாடம் செய்துகொண்டோம். 2021-ல் அளந்து பார்த்தபோது, மாஸ்க் வழியாகக் காற்று கொடுப்பதில் கிளம்பும் நுண்துளி ஓர் இருமலில் கிளம்புவதைவிட மிகக் குறைவு என்றே தெரிந்தது. மூச்சு நின்ற நேரத்தில் ஆக்சிஜன் குறைவது ஒரு பக்கம், கார்பன் டை ஆக்சைடு ஏறி மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து மண்டைக்குள் அழுத்தம் கூடுவது இன்னொரு பக்கம்.

அதனால் கழுத்தை வளைக்காமல் மேசையையே தலைப்பக்கம் உயர்த்துங்கள். மாஸ்க்குக்கு அடுத்தே கிருமியை வடிக்கும் ஃபில்டர் மாட்டி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, 3 முதல் 5 நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுங்கள். பிறகும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கினால், ஒருவர் மாஸ்க்கைப் பிடிக்க இன்னொருவர் மெதுவாக, சின்னச் சின்ன மூச்சாக அழுத்தட்டும். கவச உடை போட்டிருப்பதே அதற்குத்தானே.

தசைத் தளர்ச்சி மருந்தில் கஞ்சத்தனம்

ரோகுரோனியம் என்றால் கிலோவுக்கு 1.2 மி.கி. போட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பாதி டோஸில் குழாயை நுழைத்தால் வரும் இருமல் உங்கள் முகத்துக்கும் கிருமியைத் தரும், நோயாளியின் மூளைக்கும் அழுத்தத்தைத் தரும்.

பிரஷரை மறப்பது

இளவயதுக்காரருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 110-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். பிரஷரை இறக்கும் மயக்க மருந்தான புரோபோஃபால் போடும் முன்பே பிரஷர் ஏற்றும் மருந்து சிரிஞ்சில் தயாராக இருக்கட்டும்.

நுரையீரலை மட்டும் பார்த்து வென்டிலேட்டரை வைப்பது

நிமோனியாவுக்குக் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்வோம். இங்கே அப்படி விட முடியாது, 35 முதல் 40-க்குள் நிறுத்துங்கள்.

மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு

வேண்டாம். தலைக்காயம் பட்ட 10,008 பேரை வைத்து நடந்த கிராஷ் (CRASH) ஆய்வு, அதனால் இறப்பு கூடுகிறது என்று 2004-லேயே காட்டிவிட்டது.

டியூபைக் கழுத்தைச் சுற்றி நாடாவால் இறுக்குவது

கழுத்து ரத்தக்குழாய் அழுந்தினால் மண்டைக்குள் அழுத்தம் கூடும். பிளாஸ்டர் போதும்.

மதுரைக்கு அனுப்பும் அவசரம்

ஆம்புலன்ஸ் வென்டிலேட்டருக்கு மாற்றும்போது இணைப்பை அப்படியே பிடுங்குகிறார்கள். முதலில் நோயாளி முக்காமல் இருக்கிறாரா என்று பாருங்கள், அப்புறம் டியூபைக் கிளாம்பால் இறுக்கி அடைத்து, வென்டிலேட்டரை நிறுத்தி, ஃபில்டர் டியூபோடேயே இருக்கும்படி கழற்றுங்கள். மாட்டியதும் கிளாம்பை எடுத்துவிட்டு, எடுத்தாயிற்று என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.