பிங் போகிறது, பக்கம் வரவில்லை

எம்.டெக். இரண்டாம் பருவத் திட்டப்பணிக்காக, லாஸ்பேட்டை அறையில் இரண்டு பழைய கணினிகளுக்கு இடையே ஐபிசெக் சுரங்கம் (தரவை மறையாக்கி அனுப்பும் பாதை) அமைத்தேன். மறுமுனையை எட்ட முடிகிறதா என்று சோதிக்கும் பிங் உடனே பதில் தந்தது. ஆனால் மறுமுனையில் இருந்த இணையப் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு கிடைக்கும், பக்கம் மட்டும் வராது. மூன்று இரவுகள் சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீண் வேலை.

நான்காம் நாள், அனுப்பும் தரவுப் பொட்டலத்தை வழியில் உடைக்கக்கூடாது என்று துண்டாக்கத் தடை போட்டு பிங் அளவைக் கூட்டினேன். 1372 பைட் போனது. 1472 போட்டதும் மௌனம். அங்கேதான் பொறி தட்டியது. ஈதர்நெட் கம்பி இணைப்பில் ஒரு பொட்டலம் தாங்குவது 1500 பைட். ஐபிசெக் தன் தலைப்புகளைச் சேர்த்ததும் பொட்டலம் அதைத் தாண்டிப் பருத்துவிடுகிறது. 'சிறிதாக்கி அனுப்பு' என்று சொல்லவேண்டிய ஐசிஎம்பி செய்தியை (பிணையம் பிழைகளைத் தெரிவிக்கும் முறை; இது வகை 3, குறி 4) என் ஃபயர்வாலே விழுங்கியிருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் பிங்கைத் தவிர எல்லா ஐசிஎம்பியையும் அடைத்த புண்ணியவான் நானேதான்!

இரு முனைகளிலும் அந்த ஒரு செய்தியை அனுமதித்தேன். கூடவே டிசிபி எம்எஸ்எஸ் அளவை (ஒரு பொட்டலத்தில் ஏற்றும் தரவின் உச்ச வரம்பு) 1360 ஆகக் குறைத்தேன். பக்கம் படங்களோடு வந்து நின்றது. அறை நண்பன், "இதற்கா மூன்று நாள்?" என்றான். அவனுக்கு டீ வாங்கித் தரவில்லை.