டெல்டாவில் ஒரு நாள் கார் பயணம்: மதியச் சாப்பாட்டிலிருந்து திட்டம் போடுவது எப்படி?

காவிரி டெல்டாவைக் காரில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் பட்டியலோடுதான் கிளம்புகிறார்கள். ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். பகல் பன்னிரண்டுக்கு மேல் நடை சாத்தியதும் எங்கே போவதென்று தெரியாது. பைபாஸ் ஓரத்தில் கண்ணில் படும் ஓட்டலில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி வரை காரிலேயே ஏசி போட்டுத் தூங்குகிறார்கள். ஆற்றையும் வயலையும் பார்க்க நேரமே இருப்பதில்லை.

இங்கே சொல்லப்போவது வேறு மாதிரியான பயணம். நாளின் நடுவில் சாப்பாட்டை வைத்து, காலையையும் மாலையையும் அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது. டெல்டாவில் கடிகாரம் பார்த்து நடப்பவை இரண்டு. கோயில் நடை ஏறக்குறைய பன்னிரண்டிலிருந்து நாலு வரை சாத்தியிருக்கும். சின்ன ஊர் மெஸ்ஸில் இலை போடுவது பன்னிரண்டு மணி சுமாருக்கு, இரண்டரைக்கெல்லாம் குழம்பு தீர்ந்துவிடும். ஆறும் வயலும் எப்போது போனாலும் இருக்கும். அதனால் இந்த இரண்டையும் முதலில் பொருத்திவிட்டால் மற்றது தானாக அமைந்துவிடும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஆற்றில் தண்ணீர் ஓடாத டெல்டா பாதி டெல்டாதான். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இதெல்லாம் அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்தது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்துசேரவே சில நாள் பிடிக்கும். அங்கிருந்துதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுகிறார்கள், மிஞ்சுவது கொள்ளிடத்தில் போகிறது. ஆகவே, 'அணை திறந்தாச்சு' என்று செய்தி வந்த மறுநாளே கிளம்பினால் காய்ந்த மணலைத்தான் பார்ப்பீர்கள். கிளம்பும் வாரத்தில் நாளிதழைப் புரட்டி, கல்லணையிலிருந்து எந்த ஆற்றில் எத்தனை கன அடி போகிறது என்று பாருங்கள். தண்ணீர் குறைவான நாட்களில் முறை வைத்துத்தான் விடுவார்கள். காவிரியில் ஓடும்போது வெண்ணாறு வறண்டிருக்கலாம்.

என் தேர்வு இரண்டு. ஒன்று, ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஒரு பக்கம் குறுவை கதிர் பிடித்து நிற்கும், பக்கத்து வயலில் சம்பாவுக்கு நாற்று விட்டிருப்பார்கள். ஒரே சாலையில் பச்சையிலேயே நாலைந்து வகை பார்க்கலாம். இன்னொன்று, மார்கழி கடைசியிலிருந்து பொங்கலை ஒட்டிய வாரங்கள் வரை. மழை ஓய்ந்திருக்கும், சம்பா மஞ்சளாகத் திரும்பியிருக்கும், வெயிலும் உறைக்காது. ஐப்பசி, கார்த்திகை அழகான மாதங்கள்தான், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சாலைகள் புதியவர்களுக்கு வேண்டாம். மாசி, பங்குனியில் வயலில் உளுந்தும் பயறும் படர்ந்திருக்கும், ஆறு மட்டும் மணலாகக் கிடக்கும். சித்திரையில் வராதீர்கள்.

கிழமைக்கு வீட்டுக் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் வழியில் உள்ள மண்டபங்களின் வாசலெல்லாம் வேன்களாக நிற்கும், நல்ல சமையல்காரர்களும் கல்யாண வேலைக்குப் போயிருப்பார்கள். ஆடிப்பெருக்கன்று படித்துறைகளில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வந்தால் சரி, கார் ஓட்ட அது நாள் இல்லை. ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாற்றுக்கும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சிக்கல். அலுவலக ஆட்களை நம்பி நடக்கும் சின்ன மெஸ்கள் பல அன்று விடுமுறை. சனிக்கிழமையோ, லீவு போட முடிந்தால் ஒரு புதன்கிழமையோ நல்லது.

சாப்பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது

அவசரப்படக் கூடாத கட்டம் இது. முதலில் சைவமா, மீனா, கட்டுச்சோறா என்று முடிவு செய்யுங்கள். எந்த ஆற்றங்கரையில் போவது என்பது அதைப் பொறுத்து மாறும்.

சைவம் என்றால் திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் பக்கம். பெரிய ஓட்டலைத் தேட வேண்டாம். தாலுகா அலுவலகம், கோர்ட், பேங்க் இருக்கும் தெருவில் மெஸ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் அதே இலையில் சாப்பிடும் குமாஸ்தாவை ஒரு நாள்கூட ஏமாற்ற முடியாது, அதனால் அங்கே சமையல் ஒழுங்காக இருக்கும். ஊர்க்காரர்களிடம் 'நல்ல ஓட்டல் எது?' என்று கேட்டால் ஏசி இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். 'நீங்க எங்கே சாப்பிடுவீங்க?' என்று கேளுங்கள்.

இடம் தெரிந்ததும் முதல் நாளே போன் செய்துவிட வேண்டும். கூச்சப்படாதீர்கள், இப்படிப் பேசினால் போதும்:

"அண்ணே, வணக்கம். நாளைக்கு மதியம் நாலு பேர் வர்றோம். சாப்பாடு உண்டுதானே?"

"வாங்க தம்பி. ஒரு மணிக்குள்ள வந்துடுங்க."

"நாளைக்கு என்ன குழம்புண்ணே?"

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வத்தக்குழம்பா, மோர்க்குழம்பா, பருப்பு உருண்டைக் குழம்பா என்று தெரிந்துகொண்டு போகலாம். அதைவிட, கேட்டு வருகிற ஆள் என்று உங்களை நினைவில் வைத்திருப்பார்கள். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர்கள் என்பதால் வாழைப்பூ உசிலியோ வாழைத்தண்டுக் கூட்டோ அன்றைக்கு உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

இலையில் உட்கார்ந்ததும் புதியவர்கள் சாம்பாரிலேயே வயிற்றை நிரப்பிவிடுகிறார்கள். பருப்பு, நெய்க்கு ஒரு கை, சாம்பாருக்குக் கொஞ்சம், அத்தோடு நிறுத்திக்கொண்டு குழம்புக்கு இடம் விடுங்கள். அப்புறம் ரசம், மோர். வண்டி ஓட்டுகிறவர் இரண்டாவது தடவை சோறு வாங்கக் கூடாது. இதை வீட்டில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும், அவராக நிறுத்தமாட்டார். கடைசியில் பூவன் பழம், வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இளந்தளிராகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீன் இல்லாமல் சாப்பாடா என்பவர்கள் கும்பகோணத்திலிருந்து வடக்கே அணைக்கரைக்குப் போகலாம். 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அங்கே இருக்கிறது. ஆற்று மீன் வறுவலுக்கும் குழம்புக்கும் பேர்போன இடம். அப்படியே ஆற்றைத் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம்தான். ஆற்று மீனில் முள் அதிகம், சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் விராலாகக் கேளுங்கள்.

மூன்றாவது, கட்டுச்சோறு. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய். ஆற்றங்கரை மர நிழலில் பாய் விரித்துச் சாப்பிடுவதற்கு ஈடு இல்லை என்று சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை வருகிறவர்களுக்கு மெஸ்ஸைத்தான் சொல்வேன். புளியோதரையை வீட்டிலேயே கிண்டிக்கொள்ளலாம், திருவையாற்று வத்தக்குழம்பைத் திருவையாற்றில்தான் சாப்பிட முடியும். கட்டுச்சோறுதான் என்றால், மந்தாரை இலையிலோ வாழை இலையிலோ கட்டுங்கள், எச்சில் இலையைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பாதை: ஒரு மாதிரித் திட்டம்

திருச்சியிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். சாப்பாடு திருவையாற்றில், பன்னிரண்டேகாலுக்கு. இதை நட்டுவைத்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டியே ஒரு மாநில நெடுஞ்சாலை போகிறது. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் அந்த வழியில்தான். நமக்குக் கல்லணை முதல் கும்பகோணம் வரை, சுமார் 75 கிலோமீட்டர் போதும். மேப்பில் வெறுமனே 'கும்பகோணம்' என்று போட்டால் அது தஞ்சாவூர் நான்கு வழிச் சாலைக்கு இழுத்துவிடும். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கணபதி அக்ரஹாரம், சுவாமிமலை என்று இடையில் ஒவ்வொரு நிறுத்தமாகச் சேர்த்தால்தான் ஆற்றோரச் சாலை கிடைக்கும்.

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். திருவானைக்காவல், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவே வாழைத்தோப்புகள். ஆற்றில் வெள்ளம் கரைபுரளும் நாட்களில் மட்டும் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

கல்லணையில் ஒன்பது மணி வரை இருக்கலாம். கரிகாலன் கட்டியது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மதகுகளின் மேல் நின்று பார்க்கும்போதுதான் இந்த ஊரின் சூட்சுமம் புரியும். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. அங்கிருந்து கிழக்கே ஓட்டப்போகிறோம், காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஒன்பதுக்கு மேல் சூரியன் ஏறிவிடும், வண்டி ஓட்டவும் சுகம், வயலின் நிறமும் தெரியும்.

காலை டிபன் திருக்காட்டுப்பள்ளியில், அளவாக. இரண்டு இட்லிக்கு மேல் போனால் மதியத்துக்குத் துரோகம். பத்தரை வாக்கில் திருவையாறு. ஐயாறப்பர் கோயிலை நிதானமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் நேராக இலைக்குப் போகலாம்.

சாப்பிட்ட உடனே வண்டியை எடுக்காதீர்கள். புஷ்ய மண்டபப் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் அசோகா அல்வா இந்த ஊரின் அடையாளம். வயிற்றில் இடமில்லை என்றால் பொட்டலமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரைக்குக் கிளம்பினால் வெயில் முதுகுப் பக்கம். கும்பகோணம் வரையிலான இந்தச் சுமார் 35 கிலோமீட்டர்தான் எனக்கு நாளின் சிறந்த பகுதி. 40-க்கு மேல் வேகம் வேண்டாம். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறைகள் இருக்கின்றன. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார்கள். 'பார்க்கலாமா ஐயா?' என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நாலு மணிக்கு முருகன் கோயில் நடை திறந்துவிடும், 60 படி ஏற வேண்டும். படி ஏற முடியாதவர்கள் இருந்தால் பக்கத்தில் உள்ள தாராசுரம் சிவன் கோயிலுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

ஓட்டும்போது

ஆற்றோரச் சாலை அகலமில்லை, வாய்க்கால் பாலங்கள் இன்னும் குறுகல். எதிரே பஸ் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அதுவும் தார் விளிம்பைத் தாண்டி இறங்காமல். மழை பெய்த மறுநாள் கரை மண்ணில் சக்கரம் இறங்கினால் டிராக்டர்தான் வந்து இழுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாமல் சுற்றிப் போங்கள், அது ஒரு குடும்பத்தின் உழைப்பு. காய்ந்த வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது, சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். ஹார்ன் அடித்தால் சிதறி, இன்னும் நேரமாகும்.

ஆறு அமைதியாகத் தெரிந்தாலும் தெரியாத இடத்தில் இறங்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. படித்துறையில் காலை நனைத்துக்கொள்வதோடு சரி.

பாத்ரூம் விஷயத்தை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். ஆற்றோரத்தில் வசதி குறைவு, அதனால் டிபன் சாப்பிடும் இடத்திலும் மதியச் சாப்பாட்டு இடத்திலும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கையில் சில்லறை, குடிக்கத் தண்ணீர், உட்கார ஒரு பழைய பெட்ஷீட் இருக்கட்டும்.

திரும்புவது

கும்பகோணத்துக்கு ஐந்து மணி சுமாருக்கு வந்துவிடுவீர்கள். உடனே திருச்சிக்குத் திரும்பினால் மேற்கு வெயில் வழியெல்லாம் கண்ணைக் கூசவைக்கும். ஊருக்குள் ஒரு டிகிரி காபி குடியுங்கள். 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற போர்டு நெடுஞ்சாலைகளில் இருக்கும் அளவுக்குக் கும்பகோணத்தில் இல்லை என்பது வேறு விஷயம். இரவு உணவுக்குப் பசி வராது, ஆனால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், எல்லா நாளும் எல்லாக் கடையிலும் போடமாட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் வந்த வழியில் திரும்ப வேண்டாம். விளக்கில்லாத டிராக்டரும், சாலையிலேயே படுத்திருக்கும் மாடும் இருட்டில் தெரியாது. தஞ்சாவூர் வழியாக நான்கு வழிச் சாலையைப் பிடியுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று காபி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.