பிரோத் அருங்காட்சியகத்துக்கு முதல் தடவை போகிறீர்களா? ஒரு செய்முறை விளக்கம்

செர்பியா போகிறவர்களில் பலர் பெல்கிரேடைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மண்ணின் வீடுகளில் மனிதர்கள் எதில் உட்கார்ந்தார்கள், எதை விரித்தார்கள் என்று பார்க்க ஆசை இருந்தால் ஒரு சின்ன ஊருக்குப் போங்கள். கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது பிரோத். தென்கிழக்கு மூலையில், நிஷாவா ஆற்றங்கரையில், பல்கேரிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அங்குள்ள பொனிஷாவ்லியே அருங்காட்சியகம்தான் நாம் போகப்போகும் இடம். பொனிஷாவ்லியே என்றால் நிஷாவா ஆற்றுச் சீமை.

படி 1: விசாவும் பாதையும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இருந்த விசா இல்லாச் சலுகை 2023 ஜனவரி 1-இல் நின்றுவிட்டது. அதனால் விசா வேலையை முதலில் முடியுங்கள். பெல்கிரேடிலிருந்து பிரோத் ஏறக்குறைய 300 கி.மீ. நடுவில் இருக்கும் நிஷ் நகரத்தில் ஒரு இரவு தங்கினால் மறுநாள் காலையில் 70 கி.மீ. பஸ் பயணம்தான் பாக்கி. பல்கேரியத் தலைநகர் சோஃபியா இன்னும் பக்கம் என்று அந்த வழியாக வர நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல்கேரியா இப்போது ஷெங்கன் பகுதி, அதாவது ஒரே விசாவில் போகும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவோடு வந்து செர்பியாவுக்குள் எல்லை தாண்டிவிட்டால் அதே விசாவில் திரும்பிப் போக முடியாது.

படி 2: ஐந்து எழுத்து

பலகைகள் பெரும்பாலும் சிரிலிக் எழுத்தில் இருக்கும். முழு நெடுங்கணக்கும் வேண்டாம். ஆங்கில எழுத்துபோலத் தெரிந்து ஆளை ஏமாற்றுபவற்றை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். ‘P’ போல இருப்பது ர். ‘H’ போல இருப்பது ந். ‘C’ போல இருப்பது ஸ். கண்ணாடியில் பார்த்த ‘N’ போல இருப்பது இ. இரண்டு வயிறு உள்ள ‘B’ போல இருந்தால் அது வ். இது தெரிந்தாலே பாதிப் பலகையைக் கூட்டிப் படித்துவிடலாம். ‘ஓத்வொரெனோ’ என்றால் திறந்திருக்கிறது, ‘ஸத்வொரெனோ’ என்றால் மூடியிருக்கிறது. உள்ளே நுழையும்போது ‘தோபர் தான்’ என்று வணக்கம் சொல்லுங்கள். சின்ன ஊரில் அதற்கு மதிப்பு அதிகம்.

திறக்கும் நேரத்தை முந்தின நாளே போனில் உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் கொஞ்சம் தினார் ரொக்கம் இருக்கட்டும்.

படி 3: முதலில் வீடு

உள்ளே ஓடாதீர்கள். முற்றத்தில் நின்று கட்டடத்தைப் பாருங்கள். இந்த வீடுதான் இங்கே முதல் காட்சிப்பொருள். மாலி ரிஸ்தா, அதாவது ‘சின்ன ரிஸ்தா’ என்று ஊரார் அழைத்த வணிகர் 1848-இல் கட்டியது. அப்போது பிரோத் உஸ்மானியத் துருக்கியர் ஆட்சியில் ‘ஷெஹிர்கோய்’ என்ற பெயரில் இருந்தது. பெல்கிரேடிலிருந்து இஸ்தான்புல் போகும் பெருவழி இந்த ஊர் வழியாகத்தான் போனது. பணம் அந்த வழியில் வந்தது. செர்பியப் படை ஊரைப் பிடித்தது 1877 டிசம்பரில். செர்பியாவோடு ஊர் சேர்ந்தது 1878-இல்.

ஆகவே நீங்கள் பார்க்கும் ‘செர்பிய மரபு வீடு’ துருக்கியர் காலத்து வீடும்கூட. கீழ்த்தளத்தைவிட மேல்மாடி முன்னுக்கு நீட்டிக்கொண்டிருப்பது, சுவரோரமாக ஓடும் தாழ்ந்த திண்டு இருக்கை, தரையோடு தரையாக வட்டச் சாப்பாட்டு மேசை என்று தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி முழுக்க இந்த வாழ்க்கை பரவியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் அறைகள் பேசும்.

படி 4: ஒரே ஒரு விரிப்பு, இருபது நிமிடம்

நான் முதலில் போனபோது எல்லா அறைகளையும் அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டேன். வெளியே வந்தால் சிவப்பு நிறம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மறுபடி உள்ளே போய் ஒரு விரிப்பின் முன்னால் நின்றேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரோத்தின் பெருமை ‘ச்சிலிம்’, அதாவது கம்பளி நூலில் நெய்த ஜமுக்காளம். நிமிர்ந்து நிற்கும் தறியில் பெண்கள் நெய்வது. பெரிய விரிப்பு என்றால் பல பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே துண்டாக நெய்வார்கள்.

கரையிலிருந்து தொடங்கி நடுப்பகுதிக்கு வாருங்கள். பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், எங்கேயாவது தெரிகிறதா என்று தேடுங்கள். தெரியாது, குறுக்கே ஓடும் ஊடை நூல் அதை முழுக்க மூடிவிடும். அடுத்து, இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். ஒரு நிற ஊடை தன் எல்லை வந்ததும் திரும்பிவிடுகிறது. அடுத்த நிறம் பக்கத்துப் பாவிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று கோத்துக்கொள்வதில்லை. அதனால் நடுவில் மெல்லிய கீறல் விழுகிறது. செங்குத்துக் கோடு நீண்டால் கீறலும் நீண்டு துணி பலமிழக்கும். ஆகவே நெய்பவர்கள் கோட்டைப் படிக்கட்டுபோலச் சாய்த்துக்கொண்டே போகிறார்கள். பிரோத்தின் அடையாளமான ஆமை ஏன் கட்டம் கட்டமாக இருக்கிறது என்று அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. தறி அந்த ஆமையை அப்படித்தான் வரையவிடும்!

இன்னொரு வடிவத்துக்கு ‘வ்ராஷ்கோ கொலெனோ’ என்று பெயர், பேயின் முழங்கால். எது அந்த வடிவம் என்று அங்குள்ளவரிடம் கேளுங்கள். பெயரைச் சொன்னாலே காட்டிவிடுவார்கள். தொட மட்டும் தொடாதீர்கள்.

படி 5: மற்ற அறைகள்

உடைகள், மண்பாண்டங்கள், வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பாருங்கள். அந்த வடிவங்கள் வேறு எங்கேயாவது திரும்ப வருகின்றனவா என்று தேடிக்கொண்டே நடந்தால் போதும்.

படி 6: வெளியே வந்தபின்

ஊரிலேயே 14-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருக்கிறது, மொம்ச்சிலோவ் கிராத். நடந்தே போகலாம். நேரமும் விசாவும் இருந்தால் ஸ்தாரா பிளானினா மலைக்கு அப்பால் பல்கேரியாவின் ச்சிப்ரோவ்த்ஸி ஊருக்கும் போங்கள். அங்கும் இதே குடும்பத்து விரிப்புகள்தான். அந்த ஊர்க் கைத்தொழிலை யுனெஸ்கோ 2014-இல் தன் பட்டியலில் சேர்த்தது. நடுவில் இருப்பது நாட்டு எல்லை, நெசவுக்கு எல்லை இல்லை என்பது இரண்டையும் பார்த்தால் தெரியும்.

பிரோத்தில் விரிப்பு வாங்க நினைத்தால் சின்னத் துண்டாக வாங்குங்கள், விலை கொஞ்சநஞ்சமல்ல. கடைக்காரரிடம் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிரோத் நெசவில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் நூல் தொங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.