சீலியாக் வந்த வீட்டில் சிட்டிகைப் பெருங்காயம்

என் மகளுக்குச் சீலியாக் என்று தெரிந்தபோது அவளுக்கு 9 வயது. வயிறு மட்டும் உப்பியிருக்கும், கை கால் குச்சி. ஹீமோகுளோபின் 7.8. அதற்கு முன் இரண்டு வருடம் பூச்சி மருந்திலும் இரும்புச்சத்து டானிக்கிலும் போயிருந்தது. ரத்தத்தில் டிடிஜி (சீலியாக் இருந்தால் ஏறி நிற்கும் ஒரு எதிர்ப்புப் பொருள்) பார்த்து, எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் சதையை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் அவள் உடம்பே தன் குடலைத் தாக்கும். குணமாக்கும் மருந்து கிடையாது. ஆயுசுக்கும் விலக்கி வைப்பதுதான் வைத்தியம்.

கேள்விப்பட்டவர்கள் எல்லாம் ஒன்றுபோல ஆறுதல் சொன்னார்கள். "நாம சோறு திங்கிற ஆளுக. சப்பாத்தியை நிப்பாட்டினா முடிஞ்சுபோச்சு." நானும் நம்பினேன். பரோட்டா, பிஸ்கட், பிரெட், ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் டிடிஜி இறங்கவே இல்லை.

உணவு ஆலோசகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரசத்துக்கு என்ன பெருங்காயம் போடுறீங்க?"

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பினேன். எழுத்து எறும்புக் கால் மாதிரி இருந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், முதல் பொருளே கோதுமை மாவு. பிறகு கோந்து, அதற்கும் பிறகுதான் பெருங்காயம். பெருங்காயப் பிசினை அப்படியே விற்றால் காரம் தாங்காது என்பதால் மாவு கலந்துதான் விற்கிறார்கள். அதற்குப் பெயரே கூட்டுப் பெருங்காயம். சாம்பாரில், ரசத்தில், மோரில், இட்லிப் பொடியில், ஊறுகாயில் என்று தினமும் நாலு வேளை என் கையாலேயே பிள்ளைக்குக் கோதுமை கொடுத்திருக்கிறேன். நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் புண்ணாகலாம் என்றார் ஆலோசகர். சிட்டிகை என்பது சின்ன அளவு இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே முதல் வேலை பெருங்காயம். அரிசி மாவு கலந்தது இப்போது கிடைக்கிறது. உறையில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருக்க வேண்டும். நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் அப்படிப் போடலாம். கட்டியாக இருந்தால் சுத்தம் என்று நினைக்காதீர்கள், கட்டியிலும் மாவு உண்டு. எதுவும் கிடைக்காத வாரம் நான் பெருங்காயமே போடுவதில்லை. நாலு பல் பூண்டைத் தோலோடு தட்டி, மிளகு சீரகத்தோடு நெய்யில் பொரியவிட்டு ரசத்தில் கொட்டினால் என் மாமியாரே குறை சொல்வதில்லை. அவர் குறை சொல்லாத பண்டம் வேறு எதுவும் என் நினைவில் இல்லை.

அடுத்தது மாவு மில். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், உங்கள் கேழ்வரகு அந்தக் கல்லைத் துடைத்துக்கொண்டுதான் வரும். 'மொதல்ல கொஞ்சம் தவிடு ஓட்டிட்டுத் தர்றேன்' என்று மில்காரர் சொன்னாலும் சரி வராது. நான் கேழ்வரகையும் கம்பையும் முழுதாக வாங்கி, பொறுக்கி, கழுவிக் காயவைத்து மிக்ஸியில் திரிக்கிறேன். சல்லடையும் புதிது. ஒருமுறை கோதுமை சலித்த சல்லடையை எத்தனை கழுவினாலும் கண்ணில் மாவு நிற்கும். தோசைக்கல், முறுக்கு உழக்கு, மரக்கரண்டி இவையும் அவளுக்குத் தனி. சப்பாத்தி சுட்ட இரும்புக் கல்லில் அவளுக்குத் தோசை வார்க்க மாட்டேன். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளமும் கிடையாது. எவர்சில்வர் பாத்திரங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், பயப்பட வேண்டாம்.

கடையில் பெயர் பார்த்து ஏமாறாதீர்கள். 'சம்பா ரவை' என்றால் சம்பா அரிசி என்று நினைத்து ஒருமுறை கஞ்சியே காய்ச்சிவிட்டேன். அது சம்பா கோதுமை. சத்துமாவுக் கலவைகளில் கோதுமை, பார்லி இரண்டும் இருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்கள் பெரும்பாலும் பார்லியில் செய்தவை. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. ஓட்ஸில் விளையும்போதும் அரைக்கும்போதும் கோதுமை கலந்துவிடுகிறது. ஜவ்வரிசி, வரகு, சாமை, தினை, குதிரைவாலி, சோளம் ஆகியவை தாராளமாக ஆகும்.

சோறு ஆகும் என்பதற்காகச் சோற்றோடு நிறுத்தினால் பிள்ளை தேறாது, மலச்சிக்கல்தான் வரும். எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் கம்பு தோசை. கம்பு இரண்டு டம்ளர், இட்லி அரிசி ஒன்று, உளுந்து முக்கால், வெந்தயம் ஒரு ஸ்பூன். கம்பைத் தனியாக ஆறு மணி நேரம் ஊறவைத்து, எல்லாவற்றையும் அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட வேண்டும். மெல்லிசாக இழுக்காதீர்கள், கிழியும். கொஞ்சம் தடிமனாக ஊற்றி மூடி வைத்தால் ஓரம் முறுகலாகவும் நடுவில் பஞ்சாகவும் வரும்.

வெளியே சாப்பிடுவதுதான் வம்பு. ஓட்டலில் ரவா தோசை கூடவே கூடாது. சாதா தோசை சப்பாத்தி போட்ட கல்லில் வரலாம். இட்லி பரவாயில்லை. ஆனால் சாம்பாரிலும் பொடியிலும் பெருங்காயம் இருக்கும், தாளித்த சட்னியிலும் இருக்கலாம். கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் எங்கள் பொடி எப்போதும் இருக்கும். கோயில் பிரசாதத்தில் புளியோதரையும் சுண்டலும் வேண்டாம். சர்க்கரைப் பொங்கலுக்குக் கையை நீட்டலாம். கல்யாண வீடென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். நேரே கொல்லைப்பக்கம் சமையல் மாஸ்டரிடம்தான். "அண்ணே, தாளிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி வெந்த பருப்பு எடுத்து வச்சிருங்க, பாப்பாவுக்கு ஆகாது." இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. முகம் சுளிப்பதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். "ஒரு வாய் கேக்குல என்ன ஆயிரும்?" என்பார்கள். நீளமாக விளக்குவதை விட்டுவிட்டேன். "ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட வர்றீங்களா அத்தை?" என்று சிரித்தபடி கேட்டால் போதும்.

இதைப் படித்துவிட்டு 'நமக்கும் இருக்குமோ' என்று இன்றைக்கே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தால் டிடிஜி சரியாக இருப்பதுபோலக் காட்டிவிடலாம். சாப்பிட்டுக்கொண்டே பரிசோதியுங்கள், டாக்டர் சொன்ன பிறகு நிறுத்துங்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களையும் பெற்றோரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், பத்தில் ஒருவருக்கு வர வாய்ப்பு உண்டு. சின்னவனுக்குப் பார்த்தோம், இல்லை.

அவளுக்கு இப்போது 13. பெருங்காயத்தை மாற்றி ஒரு வருடத்தில் டிடிஜி இறங்கியது, பாவாடையும் கட்டையாகிக்கொண்டே வந்தது. போன மாதம் ஒரு காதுகுத்துப் பந்தியில் நான் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள். "அண்ணே, இதுல பெருங்காயம் போட்டிருக்கா?"

"போடாம சாம்பாரா பாப்பா?" என்றார் பரிமாறியவர். இலைக்கு மேலே கையை விரித்து மறித்துவிட்டு, நெய்யையும் அவியலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.