இ-சலான் (டிராஃபிக் ரூல்ஸ மீறினா ஆன்லைன்ல வர்ற அபராத நோட்டீஸ்) வந்துருச்சா? இப்படி பண்ணுங்க

தமிழ்நாட்டுல ஹெல்மெட் போடலன்னா 1000 ரூபா, தண்ணி போட்டு ஓட்டுனா முதல் தடவையே 10,000 வரைக்கும் போகும். மெசேஜ் வந்ததும் அதுல இருக்க லிங்க்க தொடாதீங்க, வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் (ஃபோன்ல ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல்) வந்தா அது கண்டிப்பா மோசடி, உடனே டெலீட் பண்ணுங்க. நீங்களே அரசாங்கத்தோட பரிவாஹன் இ-சலான் சைட்டுக்கு போய் வண்டி நம்பரும் சேசிஸ் இல்லன்னா இன்ஜின் நம்பரோட கடைசி 5 எழுத்தும் போடுங்க, அது ஆர்சி புக்லயே இருக்கு.

சலான்ல இருக்க வண்டி ஃபோட்டோவ பெருசாக்கி பாருங்க, வேற யாரோட நம்பர் பிளேட்லயோ 3 இருக்க இடத்துல 8னு படிச்சிருந்தா கூட அபராதம் உங்க தலைல விழும்.

தப்பு நம்மளுதுன்னா கட்டி ரசீத சேவ் பண்ணிக்கங்க. கட்டாம விட்டா கேஸ் கோர்ட்டுக்கு போயிரும், விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் கோர்ட்) போயிருந்தா அங்கயே ஆன்லைன்ல அபராதம் கட்டலாம், நம்ம மேல தப்பில்லன்னா எதிர்த்து வாதாடவும் ஆப்ஷன் இருக்கு, அப்போ வழக்கமான கோர்ட்டுக்கு மாத்திருவாங்க. பயந்துட்டு புரோக்கர் கிட்ட மட்டும் காச குடுக்காதீங்க ப்ளீஸ்.