கையில கட்டுற கம்ப்யூட்டர் செய்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஸ்மார்ட்போன் கோடிக்கணக்குல வித்ததால அதுக்குள்ள இருக்கற மோஷன் சென்சார், ப்ளூடூத் சிப் மாதிரி சாமானெல்லாம் விலை இறங்கிடுச்சு, கரண்ட்டும் கம்மியா தின்னுது, அதனாலதான் இன்னைக்கு வீட்ல உக்காந்தே ஒரு வாட்ச் செஞ்சு கட்டிக்க முடியுது. ஆனா முதல்முறை செய்றவங்களோட வாட்ச் பல நேரம் ஒரு நாள் கூட தாங்காது. பெரும்பாலும் தப்பு சிப்புல இருக்காது, அதைச் சுத்தி நாம வச்சதுலதான் இருக்கும்.

டேட்டாஷீட்ட (சிப் கம்பெனி தர்ற விவரத் தாள்) மட்டும் பாத்து கணக்கு போடறதுதான் பெரிய தப்பு. ஈஎஸ்பி32ங்கற வைஃபை, ப்ளூடூத் ரெண்டும் இருக்கற சின்ன கம்ப்யூட்டர் சிப் டீப் ஸ்லீப்ல, அதாவது கிட்டத்தட்ட எல்லாத்தையும் அணைச்சிட்டு தூங்கறப்ப, சுமார் 10 மைக்ரோ ஆம்ப்தான் எடுக்கும், 100 மில்லி ஆம்ப் அவர் (100 மில்லி ஆம்ப்ப ஒரு மணி நேரம் கொடுக்கற அளவு) பேட்டரி போட்டா பேப்பர்ல ஒரு வருஷத்துக்கு மேல வரணும். நாம வாங்கறது வெறும் சிப் இல்லையே, போர்டு. அதுல எப்பவும் எரியற எல்ஈடி, யுஎஸ்பி சிப், பல போர்டுல ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வர்ற வோல்டேஜ சிப்புக்கு ஏத்த அளவுக்கு இறக்கிக் கொடுக்கற பாகம்) எல்லாம் இருக்கும். அந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்ப் கிட்ட இழுக்கும், அதாவது தூங்கற சிப்ப விட 500 மடங்கு, 20 மணி நேரத்துல பேட்டரி காலி. போதாக்குறைக்கு சிப்புக்கு வேண்டிய 3.3 வோல்ட்ட கொடுக்க அதுக்கு உள்ள ஒரு வோல்ட்டுக்கு மேல கூடுதலா வரணும், லித்தியம் செல் ஃபுல் சார்ஜ்லயே 4.2தான், அது பத்தாது. போர்டு வாங்கறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர் என்னன்னு பாருங்க, வாங்கினதும் மல்டிமீட்டர வச்சு ஸ்லீப் கரண்ட்ட அளந்துடுங்க.

அடுத்தது வைஃபை. ஸ்டெப் கவுண்ட் அனுப்ப வைஃபை எதுக்குங்க? அனுப்பற நேரம் 240 மில்லி ஆம்ப் வரைக்கும் போகும். என்ஆர்எஃப்52832 மாதிரி ப்ளூடூத் சிப் அதே வேலைய 5, 6 மில்லி ஆம்ப்ல முடிச்சிட்டு தூங்கிடும்.

சென்சார்கிட்ட "ஆடுச்சா, ஆடுச்சா"ன்னு லூப்ல கேட்டுட்டே இருக்கறதும் வேண்டாம். எல்ஐஎஸ்3டிஎச் மாதிரி மோஷன் சென்சார்ல இன்டரப்ட் பின் (சிப்புக்கு தானா சிக்னல் கொடுக்கற கால்) இருக்கு, கை அசைஞ்சா அதுவே சிப்ப எழுப்பும்.

ஸ்க்ரீன் விஷயத்துல 2013ல வந்த பெபிள் வாட்ச்ச பாருங்க, பளபளன்னு டிஸ்ப்ளே போடாம வெயில்ல தெரியற கருப்பு வெள்ளை மெமரி எல்சிடி (படம் மாறாதப்ப கரண்ட் ரொம்ப கம்மியா எடுக்கற டிஸ்ப்ளே) போட்டாங்க, அதனால ஒரே சார்ஜ்ல நாள் கணக்கா ஓடுச்சு. எனக்கு இன்னைக்கும் அதுதான் சரியான முடிவுன்னு தோணுது.

ஆன்டெனாவ தோல் பக்கம் வைக்காதீங்க, உடம்புல இருக்கற தண்ணி ப்ளூடூத்தோட 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல விழுங்கிடும்.

கடைசியா சார்ஜிங், இதுல மட்டும் தயவுசெஞ்சு அசால்ட்டா இருக்காதீங்க, கைல கட்டப்போற சாமான் இது. சல்லிசா கிடைக்கற டிபி4056 சார்ஜிங் போர்டுல சார்ஜ் வேகத்த ஒரு ரெசிஸ்டர்தான் முடிவு பண்ணும், வழக்கமா அது 1.2 கிலோ ஓம் இருக்கும், 1 ஆம்ப்ல சார்ஜ் ஏத்தும், 100 மில்லி ஆம்ப் அவர் செல்ல ஒரு மணி நேரத்துல ஏத்தற கரண்ட்ட விட அது 10 மடங்கு, செல் சூடாகி உப்பிடும், தீ கூட பிடிக்கலாம். அந்த ரெசிஸ்டர எடுத்துட்டு 24 கிலோ ஓம் போட்டா சுமார் 50 மில்லி ஆம்ப்ல நிதானமா ஏறும், ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.